கீழ்வீட்டை வாடகைக்கு விட்டு மாடிக்குப் போன குடும்பம்: வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கடன், 2021–2025

வங்கியொன்றின் கடன் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அயலவர்கள் கடன் கடிதங்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். வாசித்துச் சொல்வேன், சில வேளைகளில் வங்கிக்கும் கூடப் போவேன். கீழே உள்ளது அப்படி வந்த ஒரு குடும்பத்தின் கதை. அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, தொகைகள் கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றப்பட்டுள்ளன. இதில் என்னுடைய பிழைகளும் இருக்கின்றன.

வீடும் வீட்டாரும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையொன்றில் ஆறரைப் பேர்ச் காணி. அதில் மூன்று அறைகள் கொண்ட பழைய ஓட்டு வீடு, முற்றத்தில் ஒரு கிணறு. 2021 இல் கணவருக்கு 46 வயது. இறக்குமதி நிறுவனமொன்றில் கணக்குப் பகுதியில் வேலை. மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. உயர்தரம் படிக்கும் மகள், ஆறாம் வகுப்பில் மகன். கணவரின் தாயாருக்கு 74 வயது. வீட்டு உறுதி அவருடைய பெயரில்தான் இருக்கிறது. இளைய மகன் கனடாவில். தாய்க்கு மாதம் 300 கனேடிய டொலர் அனுப்புகிறார்.

தாயாரைப் பற்றி ஒரு விடயம் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. 1983 ஜூலையில் வாடகை வீட்டையும் அதிலிருந்த எல்லாவற்றையும் விட்டு, அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர். அன்று அவரோடு போனது சேலைக்குள் முடிந்து வைத்திருந்த நகை மட்டும்தான். கல்லில் போடும் காசு எரியும், பொன்னில் போடும் காசு கூட வரும் என்பது அவருடைய கணக்கு. பின்னாளில் இந்த வீட்டை வாங்கியது அவருடைய கணவர். மூத்த மகனோ கல்லை நம்புபவர்.

55 வயதுத் திட்டம்

மகனுடைய ஆசை எளிமையானது: 55 வயதில், அதாவது 2030 இல், சம்பளத்துக்காக வேலைக்குப் போவதை நிறுத்த வேண்டும். தனியார் துறையில் வேலை செய்யும் ஆண் தன் ஊழியர் சேமலாப நிதியை முழுதாக எடுக்கக்கூடிய வயதும் அதுதான். மாடி கட்டி வாடகைக்கு விடுவது, சேமலாப நிதியை நிலையான வைப்பில் போடுவது, மனைவியின் ஓய்வூதியத்தை நம்பியிருப்பது, அதற்கு மேல் வெளிநாட்டுக் காசை எதிர்பார்க்காமல் வாழ்வது. இந்தக் கடைசி வரியைத்தான் அவர் அழுத்திச் சொல்வார். கொழும்பில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் சமையலறை வெளிநாட்டுக் காசில்தான் நடக்கிறது. தன் வீடு அப்படி ஆகக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். தம்பி மேல் கோபம் எதுவும் இல்லை. கேட்டு வாங்குவது அவருக்குக் கூச்சம்.

2021 மார்ச்சில் 60 இலட்சம் ரூபா கடன் எடுத்தார். தவணைக் காலம் 15 ஆண்டுகள், தொடக்க வட்டி 9.5 சதவீதம், மாதத் தவணை 62,650 ரூபா. வட்டி சந்தையோடு ஏறி இறங்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படும் என்று ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. கணக்கு எழுதுபவர்தான், ஆனாலும் அந்த வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொரோனாவுக்குப் பிறகு வட்டி அவ்வளவு கீழே கிடந்த காலம் அது. ஈட்டுப் பத்திரத்தில் தாயார் கையெழுத்து வைத்தார். எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம்.

2022: வேலை நின்றது, வட்டி ஏறியது

மாடியின் கூரையும் சுவரும் 2021 முடிவதற்குள் எழும்பிவிட்டன. அதற்குப் பிறகு வேலை நகரவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் தரை ஓடும் குளியலறைப் பொருத்துகளும் கிடைக்கவில்லை; கிடைத்தவை கையைச் சுட்டன. கடன் எடுத்தபோது 1,000 ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2022 நடுப்பகுதியில் 3,000 ரூபாவைத் தொட்டது. மாடி யன்னல் இல்லாமல், வெறும் சீமெந்துத் தரையோடு நின்றது.

அந்த ஆண்டு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டது, அதாவது டொலருக்கு எதிரான அதன் விலை சந்தையின் கையில் விடப்பட்டது; மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்கள் கழித்து, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 4,860 ரூபா ஆனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம்.

இந்த வீட்டுக்குள் அது இப்படி வந்தது. மார்ச் மீளாய்வில் தவணை 71,500 ரூபா. செப்டெம்பர் மீளாய்வில் வட்டி 25 சதவீதம், தவணை 123,700 ரூபா. இருவரின் கைச்சம்பளமும் சேர்ந்து 165,000. அந்தக் கடிதத்தோடுதான் மனைவி என்னிடம் வந்தார். கூடவே ஒரு நாற்பது பக்கக் கொப்பியையும் கொண்டு வந்திருந்தார்.

கொப்பி

கணவர் கணினியில் வைத்திருந்த அட்டவணை அழகானது. 2030 வரை நீண்டது. மனைவியின் கொப்பியில் அந்தந்த மாதம் மட்டும்தான் இருந்தது, ஆனால் ஒன்றும் தவறவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூன்று வேறுபாடுகள் கண்ணில் பட்டன.

முதலாவது, சீட்டு. 24 பேர், மாதம் 20,000 ரூபா. கட்டட வேலைக்காக ஏழாவது மாதத்திலேயே கழிவு போக எடுத்துவிட்டார்கள். 2023 ஜனவரி வரை கட்ட வேண்டும். கணவரின் அட்டவணையில் அது சேமிப்பு என்ற தலைப்பின் கீழ் இருந்தது. எடுத்து முடிந்த சீட்டு கடன்தான். இதை ஏற்க வைக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுதும் போயிற்று.

இரண்டாவது, வீட்டுச் செலவு. அட்டவணையில் 85,000 ரூபா, 2021 இல் எழுதியது. கொப்பியில் 135,000.

மூன்றாவது, 2022 ஏப்ரல் முதல் அட்டவணையில் மாடி வாடகை 60,000 ரூபா வரவு வைக்கப்பட்டிருந்தது. மாடிக்கு யன்னலே இல்லை.

165,000 வரவு. தவணை 123,700, சீட்டு 20,000, வீட்டுச் செலவு 135,000. மாதம் 113,700 ரூபா துண்டு விழுந்தது. தாயாருக்கு வரும் கனடாப் பணத்தை நாங்கள் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அவருடைய மருந்துக்கும் கைச்செலவுக்கும். ரூபா விழுந்ததில் அந்த 300 டொலர் ஏறத்தாழ 47,000 ரூபாவிலிருந்து 80,000 ரூபாவுக்கு மேல் போயிருந்தது. எதிலிருந்து விடுபட வேண்டும் என்று மகன் எண்ணினாரோ, அந்த ஒன்றுதான் வீட்டில் பெறுமதி கூடியிருந்தது.

கையிலிருந்த வழிகள்

வீட்டை விற்று வத்தளைப் பக்கம் போகலாம் என்ற பேச்சு ஒரே நாளில் முடிந்துவிட்டது. வாங்குபவர் இல்லாத நேரம், பிள்ளைகளின் பாடசாலை இங்கே, உறுதி தாயாரின் பெயரில்.

கனடாத் தம்பி முழுக் கடனையும் அடைக்க முன்வந்தார். 57 இலட்சம் ரூபா அப்போது அவருக்கு 21,000 டொலர் அளவில்தான். பதிலுக்கு மாடியைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொன்னார். மாடியை மட்டும் தனியாக எழுதுவது அவர் நினைத்ததுபோல இலகுவல்ல. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடி வீட்டு உடைமைச் சட்டத்தின் கீழ் தளப்பிரிவு வரைபடம் பதிய வேண்டும். இல்லையென்றால் முழு ஆதனத்திலும் பிரிக்கப்படாத பங்கு எழுத வேண்டும். அண்ணன் இரண்டையும் மறுத்துவிட்டார். அவரது மறுப்பில் பாதி நியாயம், பாதி ரோஷம் என்பது என் எண்ணம். உறுதியைத் தொடாமல், வட்டியும் தவணையும் எழுதிய கைமாற்றாக வாங்கியிருக்கலாம். அந்தப் பேச்சை எடுக்கவே அவர் விடவில்லை.

நகையைத் தொடக்கூடாது என்றார் தாயார். அவருக்கும் மருமகளுக்குமாகப் பதினெட்டுப் பவுன் இருந்தது. நான் விற்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மீதியாக இருந்தது, மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த 14 இலட்சம் ரூபா வைப்பு. அந்தச் செப்டெம்பரில்தான் முதிர்ந்தது.

தளம் மாறிய யோசனை

இது என்னுடைய யோசனையல்ல, மனைவியுடையது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தார்: கீழே 95, மேலே 0.

அரைகுறை மாடிக்குக் குடியிருப்பாளர் வரமாட்டார். சீமெந்துத் தரைக்கும் அலுமாரி இல்லாத சமையலறைக்கும் யார் காசு கொடுப்பார்கள்? ஆனால் வீட்டுக்காரர் அதில் இருக்கலாம். கீழ்வீடோ முழுமையானது, மூன்று அறை, முன்விறாந்தை, ஒரு கார் நிறுத்த இடம். பாடசாலைகளுக்குக் கிட்ட என்பதால் அந்த மோசமான ஆண்டிலும் 95,000 ரூபாவுக்குக் கேட்க ஆள் இருந்தது. மாடியை முடித்து வாடகைக்கு விட இன்னும் 12 இலட்சம் வேண்டும். குடும்பம் குடிபோகும் அளவுக்குச் சரிப்படுத்த 180,000 போதும்.

எதிர்ப்பு கணவரிடமிருந்து வந்தது. சொந்த வீட்டில் குடியிருப்பாளர் போல மாடிப்படி ஏறுவதா என்றார். ஒழுங்கையில் என்ன பேசுவார்கள் என்பதும் இருந்தது, பேசத்தான் செய்தார்கள். தாயாரின் பயம் வேறு. கீழே விட்டால் எழும்ப மாட்டார்கள் என்றார். 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் வீட்டை மீட்க வழக்காடி முதுமையடைந்தவர்களைக் கண்ட தலைமுறை அது. நொத்தாரிசு முன் இரண்டு ஆண்டுகளுக்கு எழுதிக்கொள்வோம், குடும்பத்தை நேரில் பார்த்து முடிவெடுப்போம் என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூத்த மகனைக் குறித்து, "தம்பிக்கு எது சரியோ அதைச் செய்யட்டும்" என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

2022 ஒக்டோபரில் முடிவானவை இவை. 14 இலட்சத்தில் 7 இலட்சம் கடனின் முதலுக்கு. 180,000 மாடிக்கு. மீதி 520,000 கைக்காவல். வங்கியோடு பேசி, ஓராண்டுக்கு வட்டியை மட்டும் கட்டும் ஏற்பாடு. அது மாதம் 105,000 ரூபா ஆனது. கடன் தவறிய பிறகு போகிறவருக்கும் தவறுவதற்கு முன் போகிறவருக்கும் வங்கியில் கிடைக்கும் நாற்காலி வேறு. இது முப்பத்தொரு ஆண்டுகள் மேசையின் மறுபக்கத்தில் இருந்து நான் கண்டது.

டிசம்பர் முதலாம் திகதி குடிமாறினார்கள். வாடகைக்கு வந்த குடும்பம் ஆறு மாத முற்பணமாக 570,000 ரூபா தந்தது. கணவர் அதையும் கடனில் போட விரும்பினார். திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு உங்களுடையதல்ல என்று தடுத்து, 24 சதவீதத்துக்கு ஓராண்டு வைப்பில் போட வைத்தேன். பிடித்துவைத்தல் வரி போக மாதம் 10,800 ரூபா வந்தது. கைக்காவல் அதற்குள் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேலே இறங்கியிருந்தாலும், துண்டு விழுவது அந்த மாதத்தோடு நின்றது.

பயிர், கிணறு, சூரிய மின்சாரம்

தன்னிறைவு என்றதும் எல்லோர் மனதிலும் முதலில் வருவது கத்தரிச் செடி. 2022 இல் அரச ஊழியர்களுக்குப் பயிர் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமை விடுமுறை தரப்பட்ட காலம். இவர்களும் மொட்டை மாடியில் நாற்பது சாடி வைத்தார்கள். மண், பசளை, சாடி எல்லாம் சேர்த்து 38,000 ரூபா. கத்தரியையும் மிளகாயையும் உப்புக் காற்று கருக்கியது. சாடித் தட்டுகளில் நுளம்புக் குடம்பி கண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்துவிட்டுப் போனார். இன்று மிஞ்சியிருப்பவை கறிவேப்பிலை, வல்லாரை, கற்பூரவள்ளி, ஒரு முருங்கை. மாதம் 1,500 ரூபா மிச்சம் என்று கொப்பி சொல்கிறது. பிள்ளைகளுக்கு அது நல்லது என்றார்கள், நான் மறுக்கவில்லை.

பலன் தந்தது கிணறு. கார் நிறுத்துவதற்காக மூடத் திட்டமிட்டிருந்ததை மனைவி தடுத்திருந்தார். இறைத்துத் தூர்வாரி, பழைய மோட்டரைத் திருத்தினார்கள். தண்ணீர் இலேசான உவர்ப்பு, குடிக்க ஆகாது; கழுவவும் கழிவறைக்கும் போதும். குழாய்நீர்க் கட்டணம் பாதிக்குக் கீழே வந்தது.

கூரையில் சூரிய மின்தகடு போட வேண்டும் என்று கணவர் துடித்தார், மின்வெட்டிலிருந்து தப்பலாம் என்ற எண்ணத்தில். மின்கலச் சேமிப்பு இல்லாத, மின்சார சபை வழியோடு இணைந்த சாதாரண அமைப்பு மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இது அவருக்குப் புதுச் செய்தி. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் பக்கத்து அடுக்குமாடியின் நிழல் கூரையை மூடும் என்பதைப் பார்க்க எந்த நிபுணரும் தேவைப்படவில்லை. அதைக் கைவிட்டு, மாடிக்குத் தனி மின்மானி வாங்கினார்கள். அலகு கூடக் கூட விலை கூடும் கட்டண முறையில் இரு வீட்டுப் பாவனையும் ஒரே மானியில் சேராமல் இருப்பதே ஒரு மிச்சம்.

பின்னர் நடந்தவை

2023 ஜூனிலிருந்து மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. செப்டெம்பர் மீளாய்வில் இவர்களுடைய வட்டி 17 சதவீதம், தவணை 81,000 ரூபா. ஓராண்டு கழித்து 12.5 சதவீதம். தவணை குறைந்தபோதும் அவர்கள் 105,000 ரூபாவையே தொடர்ந்து கட்டினார்கள். மேலதிகம் முதலுக்குப் போயிற்று. மனைவி இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. மாடிக்குத் தரை ஓடு 2024 இல்தான் வந்தது. 2025 செப்டெம்பரில் கடன் மீதி 38.6 இலட்சம். இதே வேகத்தில் கட்டினால் 2036 இல் முடிய வேண்டியது 2029 நடுப்பகுதியில் முடியும். கணவருக்கு அப்போது 54 வயது.

மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். கனடாப் பணம் இன்னும் தாயாருக்கு வருகிறது. சகோதரர்கள் இரண்டு ஆண்டுகள் பட்டும் படாமலும் பேசிவிட்டு இப்போது சரியாகியிருக்கிறார்கள். நகை அப்படியே இருக்கிறது. 2025 இல் பவுன் விலை போன உயரத்தைப் பார்த்துத் தாயார் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்தார்.

மறுபடி செய்வதானால்

ஏழு இலட்சத்தைக் கடனின் முதலுக்குப் போட்டது என் ஆலோசனை, அது பிழை. கடன் வட்டி 25, வைப்பு வட்டி 24 என்று மட்டும் பார்த்தேன். கடன் வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும், வைப்பு வட்டி ஓராண்டுக்குக் கட்டுண்டு நிற்கும் என்பதைக் கவனத்தில் எடுத்திருக்க வேண்டும். அந்தப் பணம் வைப்பில் இருந்திருந்தால் வருமானத்தில் பெரிய இழப்பு இருந்திராது, கையிருப்பு இரண்டு இலட்சத்துக்கு இறங்கி அவர்கள் இரவில் விழித்திருக்கவும் தேவைப்பட்டிராது.

சேமலாப நிதியை நாங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டுத் தேவைக்கு அதில் 30 சதவீதம் வரை முன்கூட்டிப் பெற வழி உண்டு. 2022 க்கு அந்த நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம். கடனுக்கு இவர்கள் கட்டியது 25. வீடு தாயாரின் பெயரில் இருந்ததால் தகுதி கிடைத்திருக்குமா என்று விசாரித்திருக்கலாம். புனிதமான காசு என்று கணவர் நினைத்தார், நானும் கூட நின்றேன்.

கணக்கில் வராதது படிக்கட்டு. பதினேழு படிகள். தாயாருக்கு முழங்கால் வருத்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிதோறும் மயூரபதி அம்மன் கோயிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர், மாடிக்குப் போன பிறகு மாதம் ஒருமுறை இறங்கினார், அதுவும் பேரன் கை பிடித்து. விறாந்தையில் இருந்து கீரைக்காரியோடு பேசுவது நின்றது. வீட்டின் சொந்தக்காரி அவர். ஒருநாளும் முறையிடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2024 நடுப்பகுதியில் வைத்தியர்தான் கேட்டார்: இவர் கடைசியாக எப்போது வெளியே நடந்தார்?

அந்த நவம்பரில் வாடகை ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் வாடகை 110,000 ரூபாவாக இருந்திருக்கும். விறாந்தையோடு ஒட்டிய முன்னறையையும் அதன் குளியலறையையும் விலக்கி, 95,000 ரூபாவுக்கே எழுதினோம். மாதம் 15,000 ரூபா என்பது கடனின் முடிவைப் பல மாதங்கள் தள்ளிப்போடும் தொகை; கணவர் அதைச் சொல்லவில்லை, மனைவி கொப்பியில் எழுதி வைத்தார். வாடகைக் குடும்பம் நல்லவர்கள், ஒத்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தை நான்தான் எடுத்துப் போனேன். 2021 இல் ஈட்டுப் பத்திரம், 2022 இல் முதல் வாடகை ஒப்பந்தம் என்று இரண்டு முறை அவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தவர். அன்று பேனாவைத் தந்தபோது வாங்கவில்லை. கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார். நான்கு பக்கங்களையும் வரி வரியாக வாசித்தார். முன்னறை என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, விறாந்தையும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று கேட்டார். எழுதவில்லை. நொத்தாரிசு அந்தப் பக்கத்தைத் திருத்தி எடுத்து வர இரண்டு நாட்கள் ஆயின. அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைத்தார்.